‘யாரு கூப்ட்டா’ மேடம்

பெங்களூரில் ஊரே ஸ்டார்ட்அப் ஆரம்பித்துக்கொண்டிருந்தபோது, ஸ்டார்ட்அப்பை நிறுத்துவதையே பிழைப்பாக வைத்திருந்த ஒரே ஆள் எங்கள் ‘யாரு கூப்ட்டா’ மேடம்தான்.

பயப்படாதீர்கள், யார் கம்பெனியையும் அவர் இழுத்து மூடவில்லை. மல்லேஸ்வரத்தில் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர் அவர். ஆன் செய்ததும் நாம் கேட்காமலேயே சில புரோகிராம்கள் எழுந்து வந்து உட்காருமே, ‘ஸ்டார்ட்அப்’ புரோகிராம்கள், அவைதான் அவருக்கு ஜென்ம விரோதிகள். பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக விரலை நீட்டி, “உன்ன யாரு கூப்ட்டா?” என்பார். அதற்குத் தமிழ் தெரியாமல் போய்விடக் கூடாதே என்று, “நின்ன யாரு கரெத்ரு?” என்று கன்னடத்திலும் ஒருமுறை கேட்பார். பதில் வராது. அணைத்துவிடுவார்.

மனிதர்களுக்கும் அதே சட்டம்தான். ஒருநாள் மீட்டிங் அறையில் பிளக்கைச் சரிசெய்ய வந்தவர், உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரிடமும் அதே கேள்வியைக் கேட்டார். ஏழு பேர் யோசித்துப் பார்த்து எழுந்து போனோம். மீட்டிங் பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

பிறகு புது மேனேஜர் வந்தார். “இந்தப் பழைய டப்பால்லாம் பேடா, வேணாம் மேடம். இதோ, சாம்பிளுக்கு ஒண்ணு கொண்டு வந்திருக்கேன், இந்த மாதிரி புது லேப்டாப் வாங்கிடலாம். மெயின்டெனன்ஸையும் அந்தக் கம்பெனியே பாத்துக்கும்” என்றார். டப்பாக்களோடு மேடத்தின் வேலையும் போகிறது என்று அர்த்தம்.

மேடம் அசரவில்லை. “ரெண்டையும் ஒண்ணா ஆன் பண்ணுங்க சார். எதுல மொதல்ல ஒரு வரி டைப் அடிக்க முடியுதோ, அது இருக்கட்டும்.”

மொத்த ஆபீஸும் கூடியது. புது லேப்டாப் கண்மூடித் திறப்பதற்குள் படம் காட்டியது. மேனேஜர் மீசையைத் தடவினார். அப்புறம் வரவேற்க ஒன்று வந்தது. வைரஸ் என்று மிரட்ட ஒன்று, அப்டேட் கேட்க ஒன்று, எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று விசாரிக்க ஒன்று. மூட மூட வந்தன. மேடத்தின் டப்பா, என்னுடைய மேஜையில் இருந்ததுதான், இருமிக்கொண்டே மெதுவாக எழுந்தது. எழுந்ததும் திரை துடைத்து வைத்தது மாதிரி இருந்தது. நான் தமிழில் ஒரு வரி அடித்து முடித்தேன். மேனேஜர் இன்னும் மூடிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த பெருமை, நானே அந்த டப்பாவைப் பெற்றெடுத்தது போல!

தோற்ற கடுப்பில் மேனேஜர் என் பட்டியலைத் திறந்தார். வைரஸ் தடுப்பு தவிர ஒன்றே ஒன்று அணைக்கப்படாமல் இருந்தது. நான் பத்திரிகைக்கு எழுதப் போட்டிருந்த தமிழ்க் கீபோர்டு.

“ஆபீஸ் மிஷின்ல இத யாரு கூப்ட்டா?”

“நான்தான் சார் கூப்ட்டேன்” என்றார் மேடம். “இவர் எழுதறத எங்க வீட்ல எல்லாரும் படிக்கிறோம்.”

டப்பாக்கள் தங்கின. மேடமும் ஓய்வு பெறும்வரை தங்கினார். போன ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் மர்பி டவுனில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். கதவைத் திறந்தவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. “காபியா, டீயா?” என்றுதான் கேட்டார்.