எல்லா ராசிக்கும் மசினகுடி

"மெஷின் பொய் சொல்லுமுங்களா உஷா?"

"பொய் சொல்ல அதுக்கு ஒரு ஆசை வேணுமில்லீங்க. அது கிடையாது. ஆனா தெரியாததையும் தெரிஞ்ச மாதிரியே சொல்லும்."

"அப்ப எங்க சொந்தக்காரங்க மாதிரிதான்னு சொல்லுங்க."

குன்னூர் பஸ் நிலையத்துக்கு மேலே சின்ன டிராவல்ஸ் கடை நடத்தும் உஷாவும், அவளுக்கு வேன் ஓட்டும் விஜயபாஸ்கரும் போன மழைக்காலத்தில் ஏஐ பற்றிப் பேசிக்கொண்டது இது. இருவரும் சிரித்தார்கள். இன்னொன்றையும் கேட்டுவிடலாமென்று அவன் வாயெடுத்தான். அதற்குள் வண்டி கேட்டு ஒரு பார்ட்டி வந்துவிட்டது. ரொம்ப நாளாக இப்படித்தான். அவன் வாயெடுப்பான், பார்ட்டி வந்துவிடும்.

பிறகு எதிர்க்கடைக்கு மருதமுத்து வந்தார். பார்ட்டிகள் வருவது நின்றது.

மசினகுடி ரிசார்ட் ஒன்றுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று காவி வேட்டியில் இறங்கியிருந்தார். கடையின் பெயர் 'திரிகால ஏஐ யாத்திரை பீடம்'. பட்டுத் துணிமேல் ஒரு டேப்லெட். அதற்குத் திருநீற்றுப் பட்டை, சந்தனப் பொட்டு, எலுமிச்சம்பழம். சார்ஜர் ஒயருக்கும் மஞ்சள் கயிறு. ராசியைச் சொன்னால், எந்தத் திசையில் எந்த நாளில் பயணம் போனால் குடும்பம் விளங்கும் என்று பெண்குரலில் சொல்லும். அதைத் தொட்டால் தீட்டு. நேரில் கேட்டாலும் தீட்டு. கேள்வியை மருதமுத்து காதில் சொல்ல வேண்டும். அவர் அதன் காதில் சொல்வார். அதற்குக் காது எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

வரிசை ரோடு வரை நின்றது. மேஷ ராசிக்காரர் காசிக்குப் போகக் கேட்டார். மசினகுடி என்றது. மீன ராசிக்காரர் கடல் பார்க்கக் கேட்டார். அவருக்கும் மசினகுடி, அதே ரிசார்ட். நவக்கிரகங்களுக்கு அங்கே என்ன கமிஷனோ!

உஷாவிடமும் ஏஐ இருந்தது. வடநாட்டுப் பார்ட்டிக்கு இந்தியில் பதில் எழுத, பயணத் திட்டத்துக்கு முதல் வரைவு போட, முட்டிவலிக்காரர்களுக்குப் படி குறைவான இடம் யோசிக்க அதைக் கேட்பாள். அது எழுதியதை அப்படியே யாருக்கும் அனுப்ப மாட்டாள். ஒருமுறை பக்கத்துக் கேத்தி ஊரில் இல்லாத அருவியை அது அழகாக வர்ணித்திருந்தது. அங்கே கேரட் போடும் வேலுமணிக்குப் போன் போட்டாள். "எங்க தோட்டத்துல பைப் ஒடஞ்சதைச் சொல்லுதோ என்னமோங்க" என்றார் அவர். அதிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரு போன் உண்டு. ஊருக்கு அது பிடிக்கவில்லை. சரிபார்க்கிறவள் திறமை இல்லாதவள், சூடம் காட்டுகிறவர் ஞானி.

விஜயபாஸ்கரின் அம்மா பேச்சியம்மாவும் வரிசையில் நின்றார். மகன் மனசு அவருக்குத் தெரியும். எதிர்க்கடை உஷா நம் வீட்டுக்கு ஆகுமா என்று மருதமுத்து காதில் கேட்டார். "ஆகாது. கடும் தோஷம்" என்றது டேப்லெட்.

"உஷாவைத் தவிர ஆரை வேணும்னாலும் சொல்லு சாமி" என்றார் மகனிடம். அவன் வேறு பெயர் சொல்லவில்லை. உஷாவின் பெயரையும் சொல்லவில்லை. வேனைக் கழுவப் போய்விட்டான்.

செய்தி உஷாவுக்கு எட்டியது. மறுநாள் கடையைச் சாத்திவிட்டு அவளும் வரிசையில் போய் நின்றாள். பரிகாரம் கேட்க வந்த பேச்சியம்மா அவளுக்குப் பின்னால் நின்றார். அவரைக் கூட்டிவந்த விஜயபாஸ்கர் தள்ளி நின்றான்.

"நடுவட்டத்துல ஏழுகுடைக் கன்னியம்மன் கோயிலுக்குப் போகோணுங்க. நாள் சொல்லுங்க" என்றாள் உஷா, தன் முறை வந்ததும்.

மருதமுத்து முணுமுணுத்தார். டேப்லெட் பேசியது. "ஏழுகுடைக் கன்னியம்மன் கோயில் ஆயிரம் ஆண்டு பழமையானது. செவ்வாய்க்கிழமை விசேஷம். தங்குவதற்கு மசினகுடி சிறந்தது."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"நடுவட்டத்துக்காரங்க ஆராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டாள் உஷா.

"நான் பொறந்து வளந்ததே அங்கதான்" என்றார் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் மூக்கம்மா. "அப்படி ஒரு கோயில் இல்லியே கண்ணு."

"இல்லீங்க. அந்தப் பேரை நேத்து நான்தான் யோசிச்சு வெச்சேன்."

மருதமுத்து அசரவில்லை. "பூமிக்கடியில இருக்குது. தோண்டுனா தெரியும்." தோண்டவும் இரண்டு பேர் தயாரானார்கள். கூட்டத்துக்கு அவ்வளவு சீக்கிரம் புத்தி வந்துவிட்டால் காவி வேட்டி எப்படி விற்கும்?

பேச்சியம்மாவுக்கு மட்டும் எங்கோ உறுத்தியது. சட்டென்று டேப்லெட்டிடம் குனிந்தார்.

"ஏங்கண்ணு, எதிர்க்கடைப் புள்ளைக்குத் தோஷம்னு உனக்கு ஆரு சொன்னது?"

'தீட்டு' என்று மருதமுத்து கையை நீட்டுவதற்குள் பதில் வந்துவிட்டது. மறைக்க அதற்கு ஆசை இல்லையே.

"மருதமுத்து ஐயா சொல்லியிருக்கிறார். யார் கேட்டாலும் மசினகுடி ரிசார்ட்டைச் சொல்ல வேண்டும். எதிர்க்கடையைப் பற்றிக் கேட்டால் தோஷம் என்று சொல்ல வேண்டும். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

வேண்டியிருக்கவில்லை. மருதமுத்து எலுமிச்சம்பழத்தோடு பின்வாசலைத் தேடினார். தோண்டத் தயாரான இருவரும் அங்கேதான் வழியை மறித்து நின்றார்கள்.

உஷாவின் கடைக்கு வந்து உட்கார்ந்தார் பேச்சியம்மா. "நானும் போய் நின்னேன் பாரு கண்ணு."

"கேள்வி கேட்டது தப்பில்லீங்கம்மா. அதை இன்னொருத்தர் காதுல சொல்லிட்டு, வர்ற பதிலுக்குக் கன்னத்துல போட்டுக்கிறோமே, அதுதானுங்க."

நாளைக்கு வேறொரு கருவி வரும். அதற்கும் பட்டை போட ஒருவர் வருவார். குனிந்து நேராகக் கேட்கத்தான் ஆள் வேண்டும்.

விஜயபாஸ்கர் அம்மாவிடம் மெல்லச் சொன்னான். "அம்மா, உஷாகிட்ட நீங்க கொஞ்சம்..."

"எங்காதுல ஏன்டா சொல்றே?"

அப்போது பார்த்து ஒரு பார்ட்டி கடைக்குள் வந்தது. இந்த முறை அவன் நிறுத்தவில்லை.

"உஷா, என்னைக் கட்டிக்கிறீங்களா?"