முதல் ஏழில் விட்டுப்போன பேர்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம் எல்லைச் செக்போஸ்ட் வரை சலித்து எடுத்தாலும் எங்கள் சீனியரைப் போல மூப்பு பார்க்கிற மனிதர் ஒருவர் கிடைக்கமாட்டார். அவர் எங்கள் செவன்ஸ் டீமின் கோல்கீப்பர். பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற, மேட்சுக்கு மேட்ச் கூலி வாங்குகிற ஃபுட்பால் அது. நான் மேனேஜர். சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பமாட்டார். பதினெட்டு வருஷம் கோலில் நின்றவரை 'சீனியர்' என்றுதான் கூப்பிட வேண்டும்.

ஜீப்பில் முன் சீட் அவருக்கு. டீயில் முதல் கிளாஸ் அவருக்கு. ஒருமுறை எங்கள் ஃபார்வர்டுக்கு ரெஃப்ரி மஞ்சள் கார்டு காட்டினார். சீனியர் கோலை அம்போவென்று விட்டுவிட்டு மைதானத்தின் நடுவுக்கே ஓடி வந்தார்.

"ஏனுங்க, மூத்தவன் நானிருக்கறப்ப அவனுக்கு மொதல்ல குடுக்கறீங்களே, இது நாயமுங்களா?"

அடுத்த கார்டு அவருக்குத்தான். திருப்தியாகத் திரும்பிப் போனார்.

நாற்பத்திரண்டு வயதில் முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. தரையோடு வருகிற பந்துக்கு அவர் குனிவதற்குள் எதிர் டீம்காரர்கள் கட்டிப்பிடித்துக் கொண்டாடி முடித்திருப்பார்கள். அந்த வருஷம் வட்டவடையிலிருந்து ஒரு கோல்கீப்பர் பையன் வந்தான். பூண்டு விளைகிற ஊர் என்பதால் அவனுக்குப் பூண்டு என்றே பேர் வைத்தோம். பிராக்டிஸில் பூனை மாதிரி பாய்ந்தான்.

சீனியர் என்னிடம் வந்தார். "ஆபீஸ்ல சர்வீஸ் பாக்கறாங்க. பஸ்ஸுல ரூட்டு குடுக்கச் சர்வீஸ் பாக்கறாங்க. பந்துக்கு மட்டும் பாக்கமாட்டாங்களாங்க?"

"கோல் அடிக்கறவன் பாக்கமாட்டானுங்களே," என்றேன்.

சிரித்தார். ஆனாலும் செமிஃபைனலில் மனசு கேட்காமல் அவரையே இறக்கினேன். கால்களுக்கு நடுவில் இரண்டு கோல் போனது. கூட்டம் விசிலடித்துச் சிரித்தது. எப்படியோ மூன்று அடித்து ஜெயித்தோம்.

ஃபைனலுக்குப் பூண்டுதான் என்று முடிவு செய்தேன். அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஏழு பேரை எழுதி ஜீப் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, டயரில் காற்று பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

மேலிருந்து கீழாக இரண்டு தரம் படித்தார்.

"எம்பேரு விட்டுப்போச்சுங்களா?"

"இல்லீங்க."

"செரிங்க."

கோப்பை எங்களுக்குத்தான். பூண்டு ஒரு பெனால்டியைத் தடுத்தபோது பெஞ்சிலிருந்து முதலில் எழுந்து கைதட்டியவர் அவர். போட்டோ எடுக்கிற நேரத்தில் தேடினோம். பஸ் ஏறிப் போயிருந்தார். அதற்குப் பிறகு பிராக்டிஸுக்கும் வரவில்லை, மேட்சுக்கும் வரவில்லை.

நாலு மாதம் மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் ஊருக்குப் போனேன். தென்னந்தோப்பில் சொட்டுநீர்க் குழாய் மாற்றிக்கொண்டிருந்தார். மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன்.

"உங்க எடத்துல நானிருந்தாலும் அவனைத்தானுங்க எறக்கியிருப்பேன்," என்றார், குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா எங்கிட்டச் சொல்லிப்போட்டு எறக்கியிருப்பேன்."

குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அந்த மழைக்காலத்திலேயே நெஞ்சு வலியில் போய்விட்டார்.

போன சீசனில் எங்கள் பழைய டிஃபெண்டர் ஒருவரைப் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டி வந்தது. முந்தின நாளே அவர் வீட்டுக்குப் போய், எதிரில் உட்கார்ந்து சொன்னேன். திரும்பி வருகிற வழியெல்லாம், இதைச் சீனியரிடம் சொல்ல வேண்டும் போலவே இருந்தது.