எடை போட்டுக் கீரை வாங்கியவர்

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே கீரையைக் கிராம் கணக்கில் கேட்டு வாங்கிய ஒரே மனிதர் எங்கள் ரெண்டரைதான். சந்தேகம் இருப்பவர்கள் திருக்கோகர்ணத்தில் டவுன் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் கீரைக்கார அம்மாவைக் கேட்டுக்கொள்ளலாம். நூறு கிராம் கொடுங்கள் என்று அவர் முதல் தடவை போய் நின்றபோது, "ஏன் சார், நான் கீரை விக்கிறேனா தங்கம் விக்கிறேனா?" என்று அந்த அம்மா கேட்டாராம். ரெண்டரை அசரவில்லை. மறுநாள் பையிலிருந்து சமையலறைத் தராசு ஒன்றை எடுத்துக் கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். ஒரு மாதத்தில் அந்த அம்மாவுக்குக் கண்ணாலேயே நூறு கிராம் பார்க்கத் தெரிந்துவிட்டது.

ரெண்டரை என்பது அவருடைய அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை; ஆபீஸ் வைத்தது. புதுக்கோட்டையில் ஓர் அரசு அலுவலகம். துறையின் பெயர் வேண்டாம், எனக்கு வேண்டியவர்கள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள். பதினோரு வருடம் அவரும் நானும் எதிரெதிர் மேஜை. அவர் நாற்பது வயதை நெருங்கும்போது ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கியது. காலின் உள்ளே ஓடும் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார், சரியாயிற்று. அடுத்த வருடம் மாடிப்படி ஏறும்போது மூச்சு நின்று நின்று வந்தது. இந்தத் தடவை கட்டி நுரையீரலுக்கே போயிருந்தது. பிழைத்ததே பெரிது. பிறவியிலேயே அவர் ரத்தம் சீக்கிரம் உறைகிற ரகம் என்றும், அது உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும் என்றும் டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த மாத்திரையில் ஒரு சங்கடம். அளவு குறைந்தால் ரத்தம் கட்டிக்கொள்ளும். கூடினால் சின்னக் காயத்தில்கூட ரத்தம் நிற்காது, காயமே இல்லாமல் உள்ளே கசிந்தாலும் கசியும். அதனால் மாதம் ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதில் ஓர் எண் வரும். அவருக்கு அது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்க வேண்டும். கீரை இந்த எண்ணைக் கீழே இழுக்குமாம். கீரை சாப்பிடக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை. ஒரு நாள் நிறைய, ஒரு நாள் இல்லை என்று இருக்கக் கூடாது, எப்போதும் ஒரே அளவாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். சாதாரண மனிதர்கள் அதைக் கேட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். இவர் தராசு வாங்கினார்.

பரிசோதனை நாளில் பதினோரு மணிக்குத்தான் ஆபீசுக்கு வருவார். வாசலிலேயே நின்று எண்ணை அறிவிப்பார். "ரெண்டரை!" என்று சொன்னால் அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் டீ. ஒன்று புள்ளி எட்டு என்றால் கணக்கில் தோற்ற பிள்ளை மாதிரி வந்து உட்காருவார். மூன்றரை வந்துவிட்டால் அவ்வளவுதான், தலையில் நிறைகுடம் வைத்திருப்பவர்போல வாரம் முழுக்க நடப்பார். எதிரே வருபவர்கள் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

அவருடைய மேஜையின் நான்கு முனைகளிலும் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டியிருந்தார். அட்டெண்டர் பழனி கோணி ஊசியை எடுத்துக் கோப்புகளைத் தைக்க ஆரம்பித்தால், ஊசி திரும்ப டப்பாவுக்குள் போகும்வரை இவர் வராந்தாவில் நிற்பார். பழைய கோப்புக் கட்டுகள் இருக்கும் ரெக்கார்டு ரூமுக்குள் போகும்போது ஹெல்மெட். கேட்டால், மேல் தட்டிலிருந்து கட்டு விழுந்தால் உங்களுக்குத் தலை வீங்கும், எனக்குத் தலைக்குள் வீங்கும் என்பார். ஒரு நாள் சென்னையிலிருந்து வந்த பெரிய அதிகாரி ஆய்வுக் கூட்டத்தை மாலை ஆறு மணி தாண்டியும் நடத்திக்கொண்டிருந்தார். ரெண்டரையின் போனிலிருந்து சேவல் கூவியது. மாத்திரை நேரம். எழுந்து நின்றார், பெட்டியைத் திறந்தார், தண்ணீர் ஊற்றி விழுங்கினார், உட்கார்ந்தார். என்ன இது என்று அதிகாரி கேட்டதுதான் தவறு. கால் மணி நேரம் விளக்கம். முடிவில் அந்த அதிகாரி பேன்ட்டைத் தூக்கித் தன்னுடைய இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிப்புக்காக மட்டும் அவரைச் சொல்லிவிட்டுப் போனால் அது நியாயம் இல்லை. எங்கள் டைப்பிஸ்ட் வனஜா பிரசவ லீவு முடிந்து வந்த மூன்றாவது நாள், ஒரு கெண்டைக்கால் இறுக்கமாக வலிக்கிறது என்றாள். நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்க்கச் சொன்னார் ஒருவர். பழனி தைலத்தையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ரெண்டரை எழுந்து வந்து, இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லிப் பார்த்தார்.

"தேய்க்காதீங்கம்மா. ஒரு கால் மட்டும் இப்படி வீங்குனா தொடவே கூடாது. ஆட்டோ கூப்புடுறேன், ஆஸ்பத்திரிக்கு வாங்க."

ஸ்கேனில் ரத்தக்கட்டி இருந்தது. நல்ல வேளை, தேய்க்காமல் கூட்டி வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். வனஜா வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு, பிறகு சில மாதம் மாத்திரை சாப்பிட்டு நல்லபடியாக எழுந்தாள். நாங்கள் இரண்டு நாள் ரெண்டரையை மரியாதையாகப் பார்த்தோம். மூன்றாம் நாள் பழையபடி சிரிக்க ஆரம்பித்துவிட்டோம்.

அடுத்த பொங்கலுக்கு ஆபீசில் கோலப் போட்டி, பானை உடைத்தல், கடைசியாக ஒரு சின்ன நாடகம். நாடகத்தை எழுதியவன் நான். நடித்தவனும் நான். தலையில் ஹெல்மெட், கையில் தராசு, உடம்பு முழுக்க சைக்கிள் டியூப். கொசு ஒன்று கடிக்க வருகிறது; அதனிடம் நான் என் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டிக் கெஞ்சுகிறேன். இருபது நிமிடம். சொந்தப் பெருமை என்று நினைக்காதீர்கள், ஆபீஸ் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வனஜா மட்டும் பாதியில் எழுந்து போனாள். குழந்தையைப் பற்றி விசாரிக்க வீட்டுக்குப் போன் செய்யப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ரெண்டரை முதல் வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கைதட்டினார். சாயங்காலம் என்னிடம் வந்து, "என் நடை அப்படியே வந்துருச்சு சார் ஒங்களுக்கு" என்றார். அதையும் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஹெல்மெட் வரவில்லை. அந்த வாரத்திலேயே மேஜை முனைகளில் இருந்த டியூப்பெல்லாம் காணாமல் போயிற்று. கோணி ஊசி வெளியே வந்தாலும் அவர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார், பார்வையை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. பரிசோதனை நாளில் சத்தமில்லாமல் வந்து கையெழுத்துப் போட்டார். எவ்வளவு என்று யாரோ கேட்டதற்கு, பரவாயில்லை என்றார். மனிதர் ஒருவழியாகத் திருந்திவிட்டார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். சொன்னவர்களில் முதல் ஆள் நான்.

மாசி மாதம் ஒரு நாள் நானும் அவரும் ரெக்கார்டு ரூமில் பழைய கோப்பு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தோம். கீழ்த் தட்டிலிருந்து ஒரு கோப்புக் கட்டை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். இரும்பு பீரோவின் கதவு திறந்து கிடந்தது. அதன் விளிம்பில் தலை இடித்தது. சத்தம் நன்றாகக் கேட்டது. அவர் தலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன சார், ஆம்புலன்ஸ் சொல்லவா?" என்றேன் நான், சிரித்துக்கொண்டே.

"அதெல்லாம் வேண்டாம் சார். லேசாத்தான்" என்று அவரும் சிரித்தார். கையை எடுத்துப் பார்த்தார். ரத்தம் இல்லை. கோப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டோம்.

தலையில் அடிபட்டால் வலி இருக்கிறதோ இல்லையோ, நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்பது அவருடைய டாக்டர் சொல்லியிருந்த முதல் விதி. அது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பதினோரு வருடத்தில் நூறு தடவை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். கொசுக்கடியைக்கூட ஊரெல்லாம் சொல்லும் மனிதர், சொல்லியே ஆக வேண்டிய ஒன்றை என் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார்.

அடுத்த சில நாட்கள் தலைவலி என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரே கடிதத்துக்கு இரண்டு தடவை எண் போட்டார். மத்தியானம் மேஜையிலேயே தூங்கினார். வயதாகிவிட்டது என்று அதற்கும் ஒரு வேடிக்கை பேசினேன். பத்தாவது நாளோ என்னவோ, அவர் வராந்தாவில் நடந்து வரும்போது இடது கால் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அது தெரியாமலே அவர் நடந்து வந்தார். வனஜாதான் பார்த்தாள். ஓடிவந்து அவரை நாற்காலியில் உட்கார வைத்து, தலையில் எங்கேயாவது இடித்ததா என்று கேட்டாள். அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஆமா, பீரோ கதவுல இடிச்சாரு" என்றேன் நான்.

"எப்ப சார்?"

சொன்னேன். வனஜா என்னைத் திட்டவில்லை. ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள்.

மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து தேங்கியிருந்தது. ஒரு பக்கத்து மூளையை அது அழுத்திக்கொண்டிருக்கிறது என்று ஸ்கேன் பார்த்துச் சொல்லி, திருச்சிக்கு அனுப்பினார்கள். அங்கே முதலில் மாத்திரையின் வேகத்தை முறிக்க மருந்து ஏற்றினார்கள். அதற்கு அப்புறம்தான் ஓட்டில் துளை போட்டு ரத்தத்தை எடுக்க முடியுமாம். ரத்தம் உறைந்துவிடாமல் இத்தனை வருடம் காத்த மனிதருக்கு அன்றைக்கு அது உறைய வேண்டும் என்று எல்லோரும் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே அவருடைய மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். நாடகத்தையும் சொன்னேன், பீரோவையும் சொன்னேன். அந்த அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"தெனமும் வீட்டுக்கு வந்து சொல்லுவாருங்க, இன்னைக்கு ஆபீஸ்ல என்னைய வச்சு இப்படிச் சிரிச்சாங்கன்னு. சந்தோஷமாத்தான் சொல்லுவாரு. இந்தப் பொங்கலுக்கு அப்புறம் ஒண்ணும் சொல்லல. நானும் கேக்காம இருந்துட்டேன்."

அவர் என்னைக் குற்றம் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ரெண்டரை பிழைத்தார். இடது கையில் ஒரு நடுக்கம் தங்கிவிட்டது. பேச்சு வருகிறது, பெயர்கள்தான் வருவதில்லை. சில வாரம் மாத்திரையை நிறுத்தி வைத்து, அப்படியே விட்டால் மறுபடி ரத்தம் கட்டும் என்று டாக்டர்கள் யோசித்து யோசித்துத் திரும்பவும் ஆரம்பித்தார்கள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இப்போது திருக்கோகர்ணத்து வீட்டில் இருக்கிறார். மாதம் ஒரு தடவை நான் போய் அவரை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவருடைய மைத்துனர் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார், நான் போக வேண்டிய அவசியம் இல்லை. போகிறேன்.

மூன்றாவதோ நான்காவதோ தடவை, ஆட்டோவில் வரும்போது மன்னிப்புக் கேட்டேன். மூன்று மாதமாக மனதுக்குள் எழுதி எழுதி வைத்திருந்த வாக்கியங்கள், பாதிதான் வெளியே வந்தன. நாடகம் அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை. அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் பயந்தாங்கொள்ளின்னு நெனச்சீங்க. பயமெல்லாம் இல்ல சார். இன்னுங் கொஞ்ச நாளு இருந்து பாக்கணும்னு ஆசை. அவ்வளவுதான்."

நான் ஆட்டோக்காரரை மெதுவாகப் போகச் சொன்னேன்.

இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். எழுதுங்கள், ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கினால் தேய்க்கக் கூடாது என்பதைக் கட்டாயம் போடுங்கள் என்றார். போட்டிருக்கிறேன்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். வர முடியாது என்று அவர் வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டுப் படுத்திருந்தேன். மைத்துனர் கூட்டிக்கொண்டு போனாராம். மத்தியானம் போன் அடித்தது. அவர்தான். ஆபரேஷனுக்குப் பிறகு அவராக எண்களை அழுத்தி யாருக்கும் பேசியதில்லை என்று அவருடைய மனைவி பிறகு சொன்னார். என் பெயரைத் தேடுவது கேட்டது. கொஞ்ச நேரம் தேடிவிட்டு விட்டுவிட்டார்.

"ஒடம்பு எப்படி இருக்கு? மாத்திரை சாப்ட்டீங்களா?" என்றார்.

சாப்பிட்டேன் சார் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. போனை வைத்துவிட்டு எழுந்து போய்ச் சாப்பிட்டேன்.