ஆடு விற்று வாங்கிய அமைதி

ஆடு மூன்றாவது தடவையும் கத்தியபோது கிருபைரட்ணம் மாஸ்ரர் கையை உயர்த்தி ஒலிப்பதிவை நிறுத்தினார்.

நிறுத்தினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவர் உயர்த்தியது கையை மட்டும்தான். பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. முற்றத்தில் தலைகீழாக நிறுத்தியிருந்த சைக்கிளின் பெடலை அவருடைய மருமகள் சீலா கையால் சுற்றிக்கொண்டிருந்தாள். பெடல் சுற்றினால் டைனமோ ஓடும், டைனமோ ஓடினால் கசெற் பெட்டி ஓடும். சண்டையால் வலிகாமத்தில் மின்சாரம் நின்று மூன்று வருடமாகியிருந்தது. செய்தி கேட்பதென்றாலும் வீட்டில் ஒருவர் வியர்க்கவேண்டும்.

"சத்தம் போடாதையுங்கோ. ரெக்கோட் ஆகுது" என்று மாஸ்ரர் ஆட்டைப் பார்த்துக் கத்தினார்.

"தம்பி, அது தண்ணிக்குக் கத்துது" என்றாள் அவருடைய அக்கா மியூரியல்.

"அக்கா, நீங்கள் பெட்டியைப் பாத்துக் கதையுங்கோ. ஆட்டை நான் பாக்கிறன்."

விசயம் இதுதான். மியூரியலின் மகன் நேசன் பதினேழு வயதில் கனடாவுக்குப் போனவன். போய் எட்டு வருடம். தொலைபேசிக் கம்பிகள் அறுந்து கிடந்த அந்தக் காலத்தில், கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே கிளாலிக் கடலால் போய்வந்து கடிதமும் பொதியும் சுமந்த செபமாலை என்ற மனிதர்தான் வட்டுக்கோட்டைக்குத் தபாற்கந்தோர். நேசன் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து, அங்கே நின்ற செபமாலையுடன் கதைத்திருந்தான்.

"பெடி அங்கை ஹிப் ஹொப் எண்டு ஏதோ மியூசிக் செய்யுதாம்" என்று செபமாலை ஒரு புதுக் கசெற்றை நீட்டிக்கொண்டு சொன்னார். "மேளத்துக்கு மேலை கதைக்கிற மாதிரிப் பாட்டாம். வேலை முடிய நிலவறையிலை இருந்து மிக்சிங் செய்யிறான். அம்மாவின்ரை குரலை அதுக்குள்ளை போடப் போறானாம். வீட்டுப் பெட்டியே காணுமாம், வேறை ஒண்டும் வேண்டாமாம். வாயிலை வாறதைக் கதைக்கட்டாம்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மாவின்ரை குரல் எப்பிடியெண்டு தனக்கு மறந்துகொண்டு போகுதெண்டும் சொன்னவன்" என்றார்.

இரண்டாவது செய்தியை மியூரியல் எடுத்துக்கொண்டாள். முதலாவதை மாஸ்ரர் எடுத்துக்கொண்டார்.

மாஸ்ரர் முப்பது வருடம் தேவாலயப் பாடகர் குழுவை நடத்தி ஓய்வு பெற்றவர். ஒருமுறை கொழும்பு வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவர். அன்றிலிருந்து ஒலியைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இருந்ததாக ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. சொல்ல அவர் இடம் விட்டதுமில்லை.

"வீட்டுப் பெட்டி காணுமெண்டு பெடி பணிவிலை சொல்லியிருக்கிறான்" என்றார். "வெள்ளைக்காரன் கேக்கப்போற பாட்டு. ஒலி சுத்தமாய் இல்லாட்டி எங்கடை குடும்பத்துக்குத்தான் மானக்கேடு. பாட்டு எண்டால் ஒலி. ஒலி எண்டால் கருவி."

"அப்ப நான்?" என்றாள் மியூரியல்.

"நீங்கள் கருவிக்கு முன்னாலை இருக்கவேணும்."

முதல் நாள் முற்றத்தில் நடந்தது. மியூரியல் பெட்டியின் முன்னால் சப்பாணி கட்டி இருந்து, சற்று நேரம் அதைப் பார்த்து, பிறகு கதைக்கத் தொடங்கினாள்.

"நேசன், ராசா, தலைக்கு எண்ணெய் வைக்கிறனியோ? குளிருக்குக் காதை மூடுறனியோ? நீ சின்னனிலை காதுக் குத்தெண்டு அழுது என்னைப் படுக்க விட்டனியோ... சூ, சூ. உந்தக் கோழியைப் பார், காயவிட்ட மிளகாயைக் கொத்துது."

"அக்கா, கோழிக்குக் கதைக்கிறதும் கனடாவுக்குப் போகும்."

"போகட்டும். அவனுக்குக் கோழியைத் தெரியும்தானே."

அப்போதுதான் ஆடு கத்தியது. மாஸ்ரர் ஆட்டுக்குக் கத்தினார். மாஸ்ரர் கத்தியதற்கு நாய் குரைத்தது. அதற்கும் அவர் கத்தினார். தேங்காய் விழுந்தது. தென்னையைப் பார்த்தும், "சத்தம் போடாதையுங்கோ. ரெக்கோட் ஆகுது" என்றார். அந்த மரியாதைப் பன்மையை அவர் பாடகர் குழுவில் பழகியிருந்தார். கோபத்திலும் அது போகவில்லை.

அன்று இரவு அவர் யோசித்தார். காலையில் வந்து, "இந்த வளவிலை சத்தம் புகாத இடம் ஒண்டு கிடக்கு" என்றார். "பங்கர்."

குண்டுவீச்சுக்குப் பதுங்க வெட்டிய அந்தக் குழியில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஆறடி ஆழம், நாலு பக்கமும் மண், மேலே பனங்குற்றி, அதற்கு மேல் மூட்டை மூட்டையாக மணல். பெரிய பணக்காரர் வைத்திருக்கும் ஸ்ரூடியோவுக்கும் இதற்கும் வித்தியாசம் கதிரை ஒன்றுதான் என்று மாஸ்ரர் சொன்னார். கதிரையும் இறக்கப்பட்டது. டைனமோவிலிருந்து நீளமான வயர் உள்ளே போனது. வெளியே வெயிலில் சீலா சுற்றினாள்.

"கதையுங்கோ அக்கா."

மியூரியல் வாயைத் திறந்தாள். "பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே" என்றாள்.

"செபம் இல்லை அக்கா. நேசனோடை கதையுங்கோ."

"வருகுதில்லையடா தம்பி. உதுக்குள்ளை இறங்கினால் எனக்குச் செபம்தான் வருகுது. மூண்டு வருசப் பழக்கம்."

அந்த நேரம் வாசலில் வெளிச்சம் மறைந்தது. பக்கத்து வீட்டு லூர்த்தம்மா சூட்கேசுடன் இறங்கினாள். பின்னால் அவளுடைய மனுசனும் மூன்று பிள்ளைகளும்.

"பொம்மர் எங்காலை வருது மாஸ்ரர்? எங்களுக்கொரு குரல் தரக்கூடாதே?"

"பொம்மர் இல்லை. நாங்கள் ரெக்கோட் பண்ணுறம்."

"பொய் சொல்லாதையுங்கோ. விசர் பிடிச்சவையோ சும்மா உதுக்குள்ளை இறங்கிறதுக்கு?" என்று லூர்த்தம்மா அவருடைய கதிரையில் உட்கார்ந்து, செபம் சொல்லும் மணிகளை எடுத்து உருட்டத் தொடங்கினாள். பிள்ளைகள் அழுதார்கள். மியூரியல் தன்னுடைய செபத்தைத் தொடர்ந்தாள். மேலேயிருந்து, "மாமா, நான் சுத்துறதோ, உள்ளை வாறதோ?" என்று சீலா கேட்டாள்.

"சத்தம் போடாதையுங்கோ" என்று மாஸ்ரர் பங்கருக்குள் கத்தினார். மண் சுவர் அதை வாங்கி அவருக்கே திருப்பிக் கொடுத்தது. "ரெக்கோட் ஆகுது. ரெக்கோட் ஆகுது."

வெள்ளிக்கிழமை செபமாலை கொழும்புக்குப் புறப்பட இருந்தார். அடுத்த பயணம் எப்போது என்பது செபமாலைக்கே தெரியாது. கிளாலியில் வள்ளம் ஓடினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

"நான் முத்தத்திலையே இன்னொருக்காக் கதைக்கிறன் தம்பி" என்றாள் மியூரியல். "ஆட்டுக்கு முதலே தண்ணி வைக்கிறன்."

"முத்தம் சரிவராது. யாழ்ப்பாணம் ரவுணிலை தம்பிராசாவின்ரை ஸ்ரூடியோ கிடக்கு. மிக்சிங் மேசை வைச்சிருக்கிறான். சிங்கப்பூர்ச் சாமான்."

"காசுக்கு எங்கை போறது?"

மாஸ்ரர் முற்றத்தைப் பார்த்தார். ஆடும் அவரைப் பார்த்தது.

"ஆட்டை வித்தால் காசும் வரும், சத்தமும் போகும்."

ஆடு போனது. அது போகும்போதும் கத்திக்கொண்டுதான் போனது. மியூரியல் வீட்டுக்குள் போய் இருந்துகொண்டாள்.

எதைக் கதைப்பது என்பதையும் மாஸ்ரர் அக்காவின் வாயில் விடவில்லை. அவரே எழுதிக் கொடுத்தார். "அன்பும் பண்பும் ஒருங்கே அமைந்த அருமை மைந்தனே, ஆண்டவரின் அளப்பரிய கிருபையினால் யாம் இவண் நலமே" என்று அது தொடங்கியது. முடிவதற்கு முன் நாட்டு நிலைமை, ஒழுக்கத்தின் அவசியம், திருச்சபையின் கூரைத் திருத்தம் எல்லாம் வந்தன.

புறப்படுவதற்கு முதல் நாள் கசெற்றைச் சீலாவிடம் கொடுத்தார். "ஸ்ரூடியோவிலை மற்றப் பக்கத்திலைதான் பதியப்போறம். இந்தப் பக்கத்திலை கிடக்கிற கூத்தை அழிச்சுப்போடு."

"அழிக்கிறதெண்டால் அரை மணித்தியாலம் சும்மா சைக்கிள் சுத்தவேணும் மாமா."

"சுத்து."

சீலா தன் உள்ளங்கைக் கொப்புளங்களைப் பார்த்தாள். "ஓம்" என்றாள். சீலாவின் ஓமில் இரண்டு வகை உண்டு. மாமாவுக்கு ஒன்றுதான் தெரியும்.

தம்பிராசாவின் ஸ்ரூடியோ மாஸ்ரரின் எதிர்பார்ப்பை ஏமாற்றவில்லை. சுவர் முழுக்கத் தும்பு மெத்தை. நடுவில் சாப்பாட்டு மேசை அளவில் மிக்சிங் மேசை, அதில் வரிசை வரிசையாகக் குமிழ்கள், குமிழுக்கொரு குட்டி வெளிச்சம். மாஸ்ரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். மியூரியலின் முன்னால் மைக் வந்தது. அதிலிருந்து வயர் மேசைக்குப் போனது, மேசையிலிருந்து பெட்டிக்குப் போனது.

"உதென்ன இரைச்சல்?" என்றார் மாஸ்ரர்.

"அது பின்னாலை ஜெனரேற்றர். மண்ணெண்ணெயிலை ஓடுறது" என்றான் தம்பிராசா.

"நிப்பாட்டும்."

"நிப்பாட்டினால் மாஸ்ரர், மேசை..."

"பற்றரி இல்லையோ?"

"பெட்டிக்குக் கார் பற்றரி கிடக்கு. ஆனால் மேசைக்கு..."

"தம்பி, நான் வானொலி நிலையம் பாத்தனான். அங்கை ஒரு ஊசி விழுந்தாலும் கேக்கும். நிப்பாட்டும்."

படிப்பித்தவர்களுடன் இரண்டு தடவைக்கு மேல் தர்க்கிப்பதில்லை என்பது தம்பிராசா தொழிலில் கண்ட பாடம். ஜெனரேற்றர் நின்றது. மேசையில் வெளிச்சங்கள் வரிசையாக அணைந்தன. பெட்டியில் மட்டும் சிவப்பு வெளிச்சம் எரிந்தது, நாடா சுற்றியது. தம்பிராசா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பூசை செய்பவரின் முகத்துடன் ஒவ்வொரு குமிழாகத் திருகினான்.

மாஸ்ரர் கண்ணை மூடினார். ஆடில்லை, கோழியில்லை, லூர்த்தம்மா இல்லை. "இதுதான் ஒலி" என்று மெல்லச் சொன்னார்.

மியூரியல் ஒரு பிழையும் விடாமல் வாசித்து முடித்தாள்.

"ஒருக்காப் போட்டுக் கேப்பமோ?" என்றாள்.

"வேண்டாம். போட்டுப் போட்டுக் கேட்டால் நாடாவின்ரை புதுசு போயிடும். முதல்தரம் கனடாவிலை கேக்கட்டும்."

"மாஸ்ரர் சொல்லுறது நூற்றுக்கு நூறு சரி" என்று தம்பிராசா தேவைக்கு மேல் வேகமாகச் சொல்லி, கசெற்றை உறையில் போட்டான்.

மியூரியல் தம்பியின் சைக்கிள் பாரில் உட்கார்ந்து வீடு திரும்பினாள். கல்லுண்டாய் வெளி தாண்டும்போது, "நான் அவனிட்டை ஒண்டும் கேக்கேல்லையே தம்பி" என்றாள்.

"கேள்வியைக் கடிதத்திலை எழுதலாம் அக்கா. ஒலி கடிதத்திலை போகாது."

மாரி முடிந்த பிறகுதான் செபமாலை திரும்பி வந்தார். பொதியில் ஒரு கசெற் இருந்தது. "பாட்டு வந்திட்டுதாம்" என்றார். "அங்கத்தைப் பெடியளுக்கு இப்ப இதுதானாம். கலியாண வீட்டிலையும் போடுறாங்களாம். பதிஞ்ச விதம் திறமெண்டு எல்லாரும் சொல்லுகினமாம்."

மாஸ்ரர் சிரிக்கவில்லை. பெரிய மனிதர்கள் சிரிக்கும் இடமல்ல அது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிய எல்லோரும் தேவாலய மண்டபத்தில் நிற்கவேண்டும் என்று மட்டும் அறிவித்தார்.

மண்டபம் நிறைந்தது. சீலா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினாள். மாஸ்ரர் எழுந்து, ஒலிக்கும் வெறும் சத்தத்துக்கும் உள்ள வேறுபாடு பற்றிக் கால் மணி நேரம் பேசினார். "ஏழைப் பெட்டியாலை செய்ய ஏலாததை நல்ல கருவி செய்யும். இப்ப நீங்களே கேப்பியள்" என்று முடித்தார்.

சீலா சுற்றினாள்.

முதலில் மேளம் ஒன்று கனமாக விழுந்தது. மேளத்துக்கு நடுவில் ஆடு கத்தியது. மறுபடி மேளம், மறுபடி ஆடு, தாளம் தப்பாமல். அடியில் டைனமோவின் இரைச்சல் சுருதிப்பெட்டி போல ஓடியது. அதற்கு மேல் மியூரியலின் குரல் வந்தது. "நேசன், ராசா, தலைக்கு எண்ணெய் வைக்கிறனியோ? காதை மூடுறனியோ?"

மியூரியல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்கு ஒரு ஆண்குரல் வேகமான தமிழில், தாளத்தோடு பதில் சொல்லத் தொடங்கியது. எண்ணெய் வைக்கிறன் அம்மா, காதை மூடுறன் அம்மா, மிளகாய் காயுதோ அம்மா என்று போனது அது. நேசனின் குரல் தடித்திருந்தது. மியூரியல் கதிரையை விட்டு எழுந்து பெட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் போய் இருந்தாள்.

மேளம் திடீரென்று நின்றது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு பங்கரின் எதிரொலியுடன், மண்டபமே அதிரும்படி, எல்லோருக்கும் தெரிந்த குரல் ஒன்று பாடியது:

"சத்தம் போடாதையுங்கோ. ரெக்கோட் ஆகுது. ரெக்கோட் ஆகுது."

அதுதான் பல்லவி. ஒவ்வொரு அடிக்கும் பிறகு அது வந்தது. மூன்றாவது தரம் வந்தபோது மண்டபத்துப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். நாலாவது தரத்தில் லூர்த்தம்மாவும்.

பாட்டு முடிந்தது. மாஸ்ரர் சீலாவைப் பார்த்தார். சீலா உள்ளங்கையைப் பார்த்தாள்.

மாஸ்ரர் மேல்சட்டையை இழுத்துச் சரிசெய்தார். "பெடி பகிடிக்கு ஒண்டு செய்திருக்கிறான்" என்றார். பிறகு செபமாலையிடம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, "மற்றப் பக்கம் என்ன மாதிரி? ஸ்ரூடியோவிலை பதிஞ்சது. அதைப்பற்றி என்ன சொன்னவன்?" என்றார்.

"அதை ரெண்டு மூண்டுதரம் போட்டுக் கேட்டவனாம் மாஸ்ரர்" என்றார் செபமாலை. "ஒரு சத்தமும் இல்லையாம். மாமா கடைசியிலை எல்லாரையும் அமைதியாக்கிப்போட்டார் எண்டு சரியான சந்தோசப்பட்டவன்."