அம்பது சைக்கிள் வாசித்த கிடார்

உலகத்தையே ஐம்பது சைக்கிள், அறுபது சைக்கிள் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்த ஒரே மனிதர், பர் துபாயில் எங்கள் அடுத்த ஃபிளாட்டில் குடியிருந்தார். ஏசி மெக்கானிக். தூத்துக்குடிக்காரர். நல்ல பெயர் ஒன்று இருந்தது. ஆனால் அதை அவருடைய பாஸ்போர்ட்டைத் தவிர வேறு யாரும் உபயோகித்ததில்லை. கட்டடம் முழுவதற்கும் அவர் 'அம்பது சைக்கிள்'தான்.

துபாய் கரண்ட் நொடிக்கு ஐம்பது தடவை துடிக்கிறது; அதுதான் ஐம்பது சைக்கிள். சவூதியில் தம்மாம் பக்கம் அறுபது தடவை. அங்கே வேலை பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்கள் ஃபேன், ஃபிரிட்ஜ் என்று எதையாவது தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இங்கே செருகினால் அது சோம்பலாகச் சுற்றும், சூடாகும், ஒரு நாள் புகைந்து போகும். புகைந்ததைப் பிரித்துப் பார்ப்பது அவர் தொழில். அதனால் யார் எந்தச் சாமானோடு மாடிப்படி ஏறினாலும், நலம் விசாரிப்பதற்கு முன்பு, "அம்பது சைக்கிளா, அறுபது சைக்கிளா?" என்பார். நான் பிரசவம் முடிந்து பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றும் படியில் நின்றிருந்தார். வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அன்று அவர் கேட்காமல் விட்டதற்கு நான் இன்றும் நன்றியுடன் இருக்கிறேன்.

என் கணவர் அவருக்கு அண்ணாச்சி. நான் மைனி. அவர்கள் ஊரில் அண்ணியை அப்படித்தான் அழைப்பார்களாம். எங்கள் இருவரையும்விட அவர் மூத்தவர் என்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை.

அவரைப் பிடித்திருந்த இன்னொரு விஷயம், ஓர் ஆங்கிலேய ராக் கிடார்க்காரர். அந்த வெள்ளைக்காரரின் பாட்டு ஒன்றில், நடுவே கிடார் மட்டும் தனியாக ஒரு நிமிஷம் வரும். ஷார்ஜாவிலிருந்த நண்பர் ஒருவர் ரிக்கார்டிலிருந்து காசெட்டில் பதிந்து கொடுத்திருந்தார். அந்தச் சத்தத்தை அச்சு அசலாகத் தன் அறையில், தன் ஜப்பான் கிடாரில் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதுதான் அம்பது சைக்கிளின் லட்சியம்.

"பாட்டை எவன் வேணாலும் வாசிச்சிருவான் மைனி. டோன் வரணும்லா, டோன். தேனைக் கரண்டியில தூக்குனா எப்படி ஒழுகும், அப்படி ஒழுகணும்."

ஒழுகும் நேரம் மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை. அப்போது ஊரே கடையை மூடிவிட்டுத் தூங்கும். அவருடைய அறை நண்பர்கள் இருவரும் ஹோட்டல் டியூட்டியில் இருப்பார்கள். என் ஆறு மாதப் பாப்பாவும் அந்த நேரத்தில்தான் தூங்க வேண்டும். குழந்தை வளர்ப்புப் புத்தகம் ஒன்றை நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அமைதியான அறை, மங்கிய வெளிச்சம் என்று அதில் போட்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ யானையின் காதைத் திருகுவது போல் சத்தம் கேட்டால் என்ன செய்வது என்று போடவில்லை.

பாப்பா அழவில்லை. கிடார் ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷம் தூங்கிப் போவாள். அதுதான் என்னை உலுக்கிவிட்டது. குழந்தைக்குக் காது கேட்கவில்லையோ? டாக்டரிடம் ஓடினேன்.

"குழந்தை அழுகிறதா?"

"இல்லை டாக்டர், நல்லா தூங்கறா."

"பிறகு என்ன?"

"அதுதான் டாக்டர் கவலையா இருக்கு."

வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. தூங்கிக்கொண்டிருந்தவளின் தலைமாட்டில் டம்ளரைக் கரண்டியால் தட்டினேன். அவள் அலறி எழுந்து இரண்டு மணி நேரம் அழுதாள். ஆபீஸிலிருந்து வந்த என் கணவர் தோளில் அவளைப் போட்டு நடந்துகொண்டே, "காது கேக்குது. இப்ப திருப்தியா?" என்றார்.

அப்படியும் ஒரு நாள் புகார் சொல்லிவிடுவது என்று தைரியத்தைத் திரட்டிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவர், "வாங்க மைனி, நானே வரணும்னு நெனச்சேன். இட்லிப் பானை இருக்கா?" என்றார். எதற்கு என்று கேட்டேன். ஸ்பீக்கரை அதற்குள் கவிழ்த்து வைத்தால் ஓர் ஆழம் வருமாம். நான் கேட்கப் போன விஷயத்தை விட்டுவிட்டு, மேல் மூடியுமா வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பானை பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தது. இரண்டு தடவை சோடா போட்டுத் தேய்த்தும், அதில் வெந்த இட்லியைப் பாப்பாவுக்கு ஊட்ட எனக்குப் பயமாகவே இருந்தது.

பானைக்குப் பிறகு அரிசி டிரம் போனது. பால் பவுடர் டப்பாக்கள் போயின. மெத்தை ஸ்பிரிங் ஒன்று போனது. மெத்தை எங்களுடையதுதான். ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்துவிட்டு ஸ்பீக்கரின் காகிதத்தையே பிளேடால் கீறினார். கிடார்க் கம்பிகளைத் தளர்த்திக்கொண்டே போய், அவை கொடியில் போட்ட ஈரத்துணி மாதிரி தொங்கும் வரைக்கும் விட்டார். "அந்த ஆளு கம்பியை லூசாத்தான் வச்சிருக்கான் மைனி. இல்லைன்னா இவ்வளவு கீழ வராது. இந்த ரகசியம் லண்டன்லயே நாலு பேருக்குத்தான் தெரியும்."

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு என்னைக் கூப்பிடுவார். நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பேன். முதலில் காசெட் ஓடும். அடுத்து அவர் வாசிப்பார்.

"என்ன வித்தியாசம்?"

எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் மனிதர் முகத்தைப் பார்த்தால் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருக்கும். ஒரு நாள், "உங்களுது கொஞ்சம் புளிப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, தேதி போட்டு, 'புளிப்பு' என்று எழுதிக்கொண்டார். மறுநாள் புளிப்பைக் குறைக்க இன்னொரு ஸ்பீக்கரைக் கீறினார். நான் வாய்க்கு வந்ததைச் சொன்னதால் ஒரு பொருள் பாழாயிற்றே என்று எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அன்றிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு கவனித்துக் கேட்க ஆரம்பித்தேன். ஒரு வருஷத்தில் அந்த ஒரு நிமிஷத்தில் வெள்ளைக்காரர் எங்கே மூச்சு விடுகிறார் என்பது வரை எனக்குத் தெரிந்துவிட்டது. "மைனி காது தராசுல்லா" என்று அவர் கட்டடமெங்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கடைசியில் ஒரு பழைய ஏசியின் தகரக் கூட்டுக்குள் ஸ்பீக்கரை வைத்து, மேலே பாப்பாவின் கம்பளியைப் போர்த்தி வாசித்த அன்று, காசெட் எப்போது நின்றது, அவர் எப்போது தொடங்கினார் என்று எனக்குத் தெரியவில்லை.

"புளிப்பு?"

"இல்லை."

"துளிகூட?"

"துளிகூட இல்லைங்க."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கண்ணைத் துடைத்திருக்க வேண்டும். ஏசிக் கூட்டின் தூசியாகவும் இருக்கலாம்.

அடுத்த நாள் ஒரு யோசனையோடு வந்தார். தான் வாசித்ததைக் காசெட்டில் பதிந்து அந்தக் கிடார்க்காரருக்கே லண்டனுக்கு அனுப்பப் போகிறாராம். ஷார்ஜா நண்பரின் ரிக்கார்டு அட்டையில் கம்பெனி விலாசம் இருக்கிறதாம். கடிதத்தை மட்டும் நான் எழுத வேண்டும். பி.ஏ. ஆங்கிலம் படித்தவள் அந்த மாடியில் நான் ஒருத்திதான்.

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, 'தங்கள் ஒலியை அணுவளவும் பிசகாமல் உருவாக்கிவிட்டேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று எழுதி, 'தங்கள் கீழ்ப்படிந்த' என்று முடித்தேன். என் கணவர் படித்துவிட்டு, "லீவு லெட்டர் மாதிரி இருக்கு" என்றார். அம்பது சைக்கிளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சனிக்கிழமை தபாலில் சேர்ப்பதாக முடிவாயிற்று.

நடுவில் வந்த வெள்ளிக்கிழமை, என் கணவரின் ஆபீஸில் இருந்த கோவாக்காரர் ஒருவர் தேராவில் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தார். அப்ரா படகில் க்ரீக் கழியைக் கடந்து அக்கரைக்குப் போனோம். சாப்பிட்ட பிறகு அவர் புது பிளேயரில் ஒரு ரிக்கார்டைப் போட்டார். இரண்டாவது வரியில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே பாட்டு. ஆனால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி இருந்தது. எங்கள் காசெட்டில் ஜலதோஷம் பிடித்தவர் போல் பாடுகிறவர், இங்கே தெளிந்த உச்சிக் குரலில் பாடினார். அந்த ஒரு நிமிஷக் கிடார் வந்தது. தேன் இல்லை, கண்ணாடி.

"வேகமா வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"நோ, நோ. இதுதான் கரெக்ட் ஸ்பீட்" என்றார் அவர், கொஞ்சம் மனம் நொந்து.

திரும்பி வரும்போது அப்ராவில், "சொல்லிடணுமா?" என்று கணவரைக் கேட்டேன்.

"நாளைக்கு லெட்டர் போகுது. அந்த வெள்ளைக்காரன் கேட்டுட்டுச் சிரிப்பான். சொல்லிடு."

"சொன்னா மனுஷன் உடைஞ்சு போயிடுவாரே."

"அப்ப சொல்லாதே."

"அணுவளவும் பிசகாமல்னு எழுதினது நான்தானே."

"அப்ப சொல்லு" என்றவர், பாப்பாவை வாங்கிக்கொண்டு படகின் மறு பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

சனிக்கிழமை மதியம் சொல்லிவிட்டேன். ஒரிஜினல் ரிக்கார்டைக் கேட்டேன், வேகமாக இருக்கிறது, குரலும் கிடாரும் மேலே இருக்கின்றன என்று. அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். ஒரு வரியைக் கீழ்ச் சுருதியில் முனகினார். மேல் சுருதியில் முனகிப் பார்த்தார்.

"ஷார்ஜாக்காரன் பிளேயர் எங்கேந்து வந்துது தெரியுமா மைனி? தம்மாம். ஊருக்குப் போன அமெரிக்கன் ஒருத்தன் குடுத்தது. நூத்திப்பத்து வோல்ட்டு. இங்க எரிஞ்சிரும்னு டிரான்ஸ்ஃபார்மர் மாட்டிக் குடுத்தது யாரு? நான்."

"அதை மாட்டினா சரியாயிடாதா?"

"வோல்ட்டு சரியாயிரும். சைக்கிள் எப்படி மாறும்? அறுபதுக்குச் செஞ்ச மோட்டார் அம்பதுல ஓடுது. ஆறுல ஒரு பங்கு மெதுவா. ஊரெல்லாம் அம்பதா அறுபதான்னு கேட்டவன் அவன்கிட்ட மட்டும் கேக்கலையே."

"நான்தான் புளிப்பு இல்லைன்னு..."

"நீங்க சரியாத்தான் சொன்னிய" என்று சொல்லிவிட்டு, கம்பளியை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டார்.

மூன்று நாள் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. புத்தகத்தில் போட்டிருந்த அதே அமைதி. பாப்பா ஒரு மதியம்கூடத் தூங்கவில்லை. எனக்கும் வேறு நினைப்பே இல்லை. ஒன்றரை வருஷ உழைப்பை ஒரு சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து கெடுத்துவிட்டேனே. கிடாரை விற்றுவிடுவாரோ? சொல்லாமலே இருந்திருக்கலாமோ?

நாலாம் நாள் கதவு தட்டினார். கையில் என் கடிதம்.

"இதுல ஒரு வரி சேக்கணும் மைனி."

"டோனை மாத்திட்டீங்களா?"

"இல்ல. அண்ணாச்சிகிட்ட அந்தக் கோவாக்காரர் அட்ரஸ் வாங்கிப் போயி ஒரிஜினலைக் கேட்டுட்டு வந்தேன். நல்லாத்தான் இருக்கு, ஒண்ணும் சொல்லுததுக்கு இல்ல. ஆனா நம்மளுது அதைவிட நிதானமா இருக்குல்லா? அந்த ஆளே இப்படிக் கேட்டிருக்க மாட்டான். கேக்கட்டுமே."

அவர் சொன்ன வரி இதுதான்: 'ஐயா, நீங்கள் எங்கள் ஊர் கரண்டில் வாசித்திருந்தால் இப்படி இருந்திருக்கும்.' அதை மரியாதையான ஆங்கிலத்தில் சொல்ல நான் ஆறு காகிதம் கிழித்தேன். 'அணுவளவும்' என்பதை அடித்தேன். கம்பளியையும் திருப்பிக் கொடுத்தேன். அன்று மதியம் பாப்பா மூன்று மணி நேரம் தூங்கினாள்.

லண்டனிலிருந்து பதில் வரவில்லை. ஆறு மாதத்தில் நாங்கள் சென்னைக்கு வந்துவிட்டோம். போன மாதம் எதிர் வீட்டு மாடியில் யாரோ அந்தப் பாட்டைப் போட்டார்கள். நல்ல பிளேயர், கீறல் இல்லாத ரிக்கார்டு. குழம்பை இறக்கி வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்று முழுவதும் கேட்டேன். பாவம், அந்த வெள்ளைக்காரர் எதற்கு இவ்வளவு அவசரப்படுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.