பத்து மடங்கு நரம்பு

ரீலில் சுற்றிய தூண்டில் நரம்பு அடங்கி இருக்க மாட்டேன் என்றது. லிஃப்ட் மெக்கானிக் கையை எடுத்த மறு நொடி சுருள் சுருளாகத் துள்ளி எழுந்து சோபா முழுக்கப் பரவியது.

“எதுக்குங்க இவ்வளவு தடியா? துணி காயப்போடலாம் போலிருக்கே,” என்றாள் மனைவி.

“இருபத்தஞ்சு கிலோ தாங்கும். சம்பந்தி முன்னாடி அறுந்து தொலைஞ்சா யாருக்கு அவமானம்?”

மகளுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். அதற்குள் இரண்டு அப்பாக்களும் நான்கு முறை சந்தித்து மொத்தம் ஆறு வார்த்தை பேசியிருந்தார்கள். அதில் நான்கு ‘வாங்க’. மூன்று நாளைக்கு முன்பு மகள் போனில் சொன்னாள்.

“அப்பா, எங்க மாமனார் கரையில நின்னு தூண்டில் போடறதுல மன்னன். அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை எல்லாரும் கடற்கரைக்குப் போறோம். நீங்களும் மீன் பிடிப்பீங்கதானே?”

“பிடிப்பேனே!” வாய் முந்திக்கொண்டது. அவர் அதுவரை பிடித்தது பஸ் மட்டும்தான்.

கூட வேலை பார்த்தவர் ஊர் மாறிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன லேசான ராடும் ரீலும் பரண்மேல் கிடந்தன. நரம்புதான் இல்லை. அதை வாங்கப் போனபோது தூண்டில் கடைக்காரப் பெண் வாய் திறந்தாள்.

“சார், உங்க ராடு எப்படி...”

“அம்மா, முப்பது வருஷமா மனுஷங்களைக் கயித்துல தொங்கவிட்டு ஏத்தி இறக்கிட்டிருக்கேன். கயிறு பத்தி எனக்கே பாடமா? எடை எவ்வளவோ, அதைப்போல பத்து மடங்கு தாங்கணும். மீன் ரெண்டரை கிலோ. நரம்பு இருபத்தஞ்சு கிலோ. அவ்வளவுதான் கணக்கு.”

அந்தக் கணக்கோடு மைதானத்துக்குப் போனார். மனைவியும் கூடப் போனாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு வீசினார். ஈயக்குண்டு ஒன்பதடி தள்ளித் தொப்பென்று விழுந்தது. ராடின் நீளமே ஒன்பதடி.

“வீசாமலே அங்க வச்சிருக்கலாம்,” என்றாள் மனைவி.

மறுநாள் பின்னல் நரம்பு வாங்கிவந்தார். முடி மாதிரி மெல்லிசு, பலமும் உண்டு. கொஞ்சம்கூட மிச்சம் வைக்க மனசு வராமல் ரீலின் விளிம்பு வழியும்வரை சுற்றினார். வீசியதும் நரம்பு இழையாகப் போகவில்லை. மொத்தமாகக் கிளம்பி, ராடின் முதல் வளையத்தில் குருவிக்கூடு கட்டி உட்கார்ந்தது. இருவரும் கொண்டை ஊசியால் சிக்கெடுத்து முடிக்கும்போது மதியமாகிவிட்டது.

“இப்போ பாரு,” என்று கொஞ்சம் நரம்பைக் குறைத்துவிட்டு, இருக்கிற கோபத்தையெல்லாம் சேர்த்து வீசினார். ஆள்காட்டி விரல் கிழிந்தது. நரம்பு பட்டென்று அறுந்தது. ஈயக்குண்டு மட்டும் தன் வழியில் போய் மைதானக் காவலாளி அறையின் தகரக் கூரையில் இடியாக இறங்கியது.

காவலாளி வெளியே ஓடிவந்தார். “யார்யா அது கல்லெறியறது?”

“சத்தம் கேட்டு நானும் இப்பதான் வந்தேன்,” என்றார் மெக்கானிக், ஒன்பதடி ராடைக் கையில் பிடித்தபடி.

வீடு திரும்பும் வழியில் மனைவி மெதுவாகச் சொன்னாள்: “ஆனா ரொம்ப தூரம் போச்சுங்க.”

அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு உயிர் வந்தது. விரலில் பிளாஸ்திரியோடு மறுபடி கடைக்குப் போனார், இந்த முறை ராடையும் எடுத்துக்கொண்டு. கடைக்காரப் பெண் அதைத் திருப்பிக் கைப்பிடிக்கு மேலே காட்டினாள்.

“இதைப் படிச்சீங்களா சார்?”

பொடி எழுத்தில் இருந்தது. நரம்பு: நாலு முதல் ஆறு கிலோ. குண்டு: முப்பது முதல் அறுபது கிராம்.

மெக்கானிக்குக்குக் காது சூடாகிவிட்டது. ‘ஆறு பேர் மட்டும்’ என்ற பலகையை எத்தனை லிஃப்டில் தன் கையால் திருகியிருக்கிறார்! படிக்காமல் ஏறுகிறவர்களை எத்தனை திட்டு திட்டியிருக்கிறார்!

“மீன் இழுத்தா ராடு வளைஞ்சு கொடுக்கும், ரீல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். எல்லாத்தையும் நரம்பே தாங்க வேண்டாம் சார். அஞ்சு கிலோ நைலான் போதும். ரீல் விளிம்புக்கு ஒரு நூல் அளவு கீழேயே சுத்தறதை நிறுத்திடுங்க. வீசற வேகத்துல அறுந்து போகாம இருக்க, நுனியில மட்டும் தடியா ஒரு துண்டு. ராடு மாதிரி ரெண்டு பங்கு நீளம்.”

அன்று சாயங்காலம் நரம்பையும் நுனித்துண்டையும் சேர்த்து அவர் போட்ட முடிச்சு அசையவில்லை. பத்து தடவை இழுத்துப் பார்த்தார். மனைவியையும் இழுக்கச் சொன்னார். அதன்பின் ஐந்து நாளும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் மைதானத்தில் வீசிப் பழகினார். காவலாளியே நின்று தூரத்தை அடியால் அளந்து சொல்லும் அளவுக்கு முன்னேறிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சம்பந்தி தன் ராடோடு வந்தார். கைப்பிடியில் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றவில்லை. ‘சாமானை என்ன பத்திரமாக வைத்திருக்கிறார் மனுஷன்!’ என்று மெக்கானிக் வியந்தார்.

“முதல்ல நீங்க போடுங்க சம்பந்தி,” என்றார் வந்தவர்.

பரீட்சை வைக்கிறார் என்று மெக்கானிக்குக்குப் புரிந்தது. கால்களை அகட்டி நின்று வீசினார். நரம்பு விஸ்ஸென்று பாடிக்கொண்டு போயிற்று. குண்டு இரண்டாவது அலையையும் தாண்டி விழுந்தது.

“அடேயப்பா! என்ன நரம்பு அது?”

மன்னனே கேட்டுவிட்டார்! மெக்கானிக் அஞ்சு கிலோவில் ஆரம்பித்து, விளிம்பு, நுனித்துண்டு, முடிச்சு என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். சம்பந்தி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். சந்தேகம் கேட்டார், சிரித்தார், ஒருமுறை தோளில்கூடத் தட்டினார். பேச்சின் நடுவில் ராடு நுனி துடித்தது. மெக்கானிக் அவசரப்படாமல் சுற்றினார். சாண் நீளத்துக்கு ஒரு வெள்ளி மீன் துள்ளிக்கொண்டு கரைக்கு வந்தது.

“எங்கப்பா!” என்று மகள் கைதட்டினாள். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அவருக்குச் சட்டை இறுகிய மாதிரி இருந்தது, நெஞ்சு அவ்வளவு விரிந்திருந்தது.

பாயில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்த சம்பந்தியின் மனைவி நிமிர்ந்தாள்.

“உங்களுக்கு மீன்பிடிக்கிறதுன்னா உசுருன்னு உங்க பொண்ணு சொன்னாலும் சொன்னா, எங்க வீட்டு மனுஷன் பத்து நாளா மொட்டைமாடியில நின்னு வெறும் குச்சியை வீசிப் பழகிட்டிருக்கார், சம்பந்தி!”