கிரவலுக்கு விட்ட வழி

இந்தக் கோடைக்குள் தனக்கென்று ஓர் அறை கட்டியே தீருவது என்று பாலேந்திரா முடிவெடுத்தார். கதவுள்ள அறை. சாத்தினால் சாத்தினபடி இருக்கும் அறை. லண்டன் மனோர் பார்க்கில் இருந்த அவர் வீட்டில் அப்படிச் சாத்தக்கூடிய கதவு குளியலறைக்கு மட்டும்தான் இருந்தது. அதையும் உள்ளே போன கையோடு யாராவது வந்து தட்டுவார்கள்.

தனி அறை கேட்க ஒரு தகுதி வேண்டுமே? அது அவரிடம் தாராளமாக இருந்தது. நகரின் கிழக்கு விளிம்பில் ஒரு கவுன்சிலில், அதாவது நகரசபையில், அவர் திட்டமிடல் அதிகாரி. நிலத்துக்கு அடியில் கிடக்கிற மணலையும், கிரவல் என்கிற சரளைக் கல்லையும் பிற்காலத்துக்கு எடுக்கக் காப்பது அவர் வேலை. உறவுக்காரருக்கு இது எந்தக் காலத்திலும் விளங்கியதில்லை. கவுன்சில் என்ற சொல் காதில் விழுந்ததுமே, தங்கள் வீட்டுக் குப்பைத்தொட்டியை இந்தக் கிழமை ஏன் எடுக்கவில்லை என்று அவரைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஆனால் இந்த வருடம் அவர் ஒரு போரையே வென்றிருந்தார். ஒரு கம்பனி பெரிய வயலொன்றில் நூற்றுக்கணக்கில் வீடு கட்ட வந்தது. வயலுக்குப் பின்னால் இன்னொரு காணி. அதன் அடியில் நிறையக் கிரவல். அதை எடுக்கும் உரிமை வேறொருவருக்கு. முன்னால் வீடுகள் எழும்பிவிட்டால் லொறி போக வழியில்லை. பாலேந்திரா விடவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் எழும்பி நின்றார். கடைசியில் கம்பனி வரைபடத்தையே மாற்றி, ஒரு வரிசை வீட்டைத் தள்ளி வைத்து, லொறி போய்த் திரும்பப் பாதை விட்டது. அன்றைக்கு எலிசபெத் லைன் ரயிலில் அவர் நின்றுகொண்டே வீடு வந்தார். இருக்கைகள் காலியாகத்தான் இருந்தன. உட்காருவதற்கு நெஞ்சு மடங்கவில்லை.

அறையில் இன்னொரு இரகசிய லாபமும் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த வளவு ரயில் பெட்டி மாதிரி ஒடுக்கம். வேலியிலிருந்து வேலிக்கு அறையைப் போட்டால், அதற்கு அப்பால் இருக்கும் மனைவி கனகாம்பிகையின் தோட்டத்துக்குப் போக வழி இராது. வழி இராவிட்டால் தோட்டம் இராது. தோட்டம் இராவிட்டால், சனிக்கிழமை தோறும் குதிரைச் சாண மூட்டையைத் தள்ளுவண்டியில் ஏற்றி அவர் தள்ளுகிற தொல்லையும் இராது.

"இஞ்சேரும், பின்வளவில ஒரு ஒபீஸ் ரூம் கட்டப் போறன்," என்று மனைவியிடம் சொன்னார்.

"ஓம், கட்டுங்கோ."

பாலேந்திரா திடுக்கிட்டார். சண்டைக்கென்று திரட்டி வைத்திருந்த பதில்கள் எல்லாம் வீணாய்ப் போயின.

"முழு அகலத்துக்கும் வரும்."

"உங்களுக்கு வசதியா இருக்கட்டும். அதுக்கு முதல் ஒண்டு. இவ்வளவு பெரிய வேலை செய்திருக்கிறியள், எங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அண்ணையைச் சாப்பிடக் கூப்பிடுறன். வடிவா விளங்கப்படுத்துங்கோ."

இப்படி ஒரு மனைவி வாய்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பாலேந்திரா நினைத்தார்.

ஞாயிறு வந்தது. ஆட்டுக்கறி மணத்தது. கனகாம்பிகையின் அண்ணன் பத்மநாதன் வந்தார். பக்கத்து வீட்டு டாக்டர், சென்னைக்கார வேதவல்லியும் வந்தார். பாலேந்திரா லொறிப் பாதையின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். லொறி திரும்புவதற்கும் இடம் கேட்டு வாங்கியதை இரண்டு தரம் சொன்னார்.

"கிரவல் அப்பிடியே கிடக்குத்தானே? ஆரும் களவெடுக்கேல்லையே?" கனகாம்பிகை ஒன்றும் அறியாதவர் மாதிரிக் கேட்டார்.

"அங்கதான் பிழை விடுறீர்! போக வழி இல்லாத பொருள் இருந்தும் இல்லாத மாதிரித்தான்."

"அப்ப ஆர் வழி விட வேணும்?"

"புதுசாக் கட்ட வாறவன்."

"அவன்ர சொந்தக் காணி எண்டாலுமோ?"

"சொந்தக் காணி எண்டாலும்! மண் அவன்ர, காசு அவன்ர, எல்லாம் சரி. பின்னால இருக்கிற ஆளின்ர வழியை மூட ஏலாது!" மேசையில் ஒரு குத்து விட்டார். அப்பளம் எகிறியது.

பத்மநாதனுக்கு உடம்பு சிலிர்த்தது. "மச்சான், இது எங்கட காணி உறுதிப் பத்திரத்தில எழுதுற வழிவாய்க்கால் உரிமை எல்லோ! இதுக்காக எங்கட அப்பா தலை நரைக்குமட்டும் வழக்குப் பேசிக் கோட்டுக்கு அலைஞ்சவர். நீர் வெள்ளைக்காரனுக்கே அதைப் படிப்பிச்சிட்டீர்!"

"இப்பதான் சார் உங்க வேலை என்னன்னு புரியுது," என்றார் வேதவல்லி. "ஆமா, இதெல்லாம் யாராவது பாத்துக்கணும்ல."

"இவர் இல்லாட்டி அந்த வழி போயிருக்கும்," என்றார் கனகாம்பிகை. அது மட்டும் நடிப்பில்லை.

பாலேந்திராவுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாள் முதல், நாலு பேருக்கு முன்னால் மனைவி அவரைப் புகழ்ந்தது இதுதான் முதல் தடவை. அந்தப் பெருமையில் அவர் எதையும் சொல்லியிருப்பார். சொல்லியும்விட்டார்.

"என்ர சொந்த வீட்டிலயும் இதுதான் சட்டம்!"

"அப்ப நல்லதாப் போச்சு," என்று கனகாம்பிகை அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். "அண்ணை, இவர் பின்வளவில வேலிக்கு வேலி ரூம் கட்டப் போறார். அதுக்குப் பின்னாலதான் என்ர தோட்டம்."

பத்மநாதன் கையிலிருந்த எலும்பைக் கீழே வைத்தார். அப்பாவின் வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்துவிட்டது போல அவர் முகம் மலர்ந்தது.

"மச்சான், ஆர் முதல்? தோட்டமோ, ரூமோ?"

"தோட்டம்தான். ஆனா..."

"அப்ப வழி விட வேணும்."

"விடுறன், விடுறன். கனகம் நடந்து போற அளவுக்கு..."

"லொறிக்குத் திரும்ப இடம் விட்டனீங்கள். என்ர தள்ளுவண்டிக்கு விட மாட்டியளோ?" என்று கேட்டார் கனகாம்பிகை.

பத்மநாதன் கை கழுவிவிட்டு அளவு நாடா கேட்டார். வேலியோரமாக வண்டிப் பாதை விட்டால், அறை அலுமாரி அளவுக்குச் சுருங்கியது. மிஞ்சியது ஒரே யோசனைதான்: பாதை அறைக்கு ஊடாகவே போகட்டும். முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. இரண்டுக்கும் பூட்டு இல்லை. பாதுகாக்கப்பட்ட பாதையில் மறிப்புப் போடக்கூடாது என்று கம்பனியிடம் வாதாடியவரே அவர்தானே?

அறை எழும்பியது. மேசை, நாற்காலி, பெரிய ஜன்னல், அழகான அறைதான். வருகிறவர்களுக்கெல்லாம் கனகாம்பிகை அதைக் காட்டினார். "லண்டனிலயே கிரவல் சட்டத்துக்குக் கட்டின ரூம் இது ஒண்டுதான். இவர் கொள்கை எண்டால் கொள்கை!" பாலேந்திராவும் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். பெருமைப்படாமலும் அவரால் இருக்க முடியவில்லை.

முதல் சனிக்கிழமை வந்தது. சாண மூட்டை ஏற்றிய வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், தன்னுடைய அறையின் முன்கதவை முழங்கையால் திறந்தார். தோட்டத்துப் பக்கமிருந்து குரல் வந்தது.

"இஞ்சேருங்கோ, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ. அது ஒபீஸ்!"